பிள்ளைகளுக்கு முதல் படகு எது?

தங்கவயல்: சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பத்தாயிரம் அடி ஆழம் வரை இறங்கிய தொழிலாளர்களில் பலர் ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. பாலாற்றைத் தேக்கிய பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் தங்கவயலுக்குத் தண்ணீர் வந்தது. அதில் படகு விட்டவர்களோ வெள்ளைக்கார அதிகாரிகள். தொழிலாளிக்குக் குழாயடி, துரைக்குப் படகு!

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒகேனக்கலில் பரிசலைக் கண்டு வந்த பேரப்பிள்ளைகள், "நாங்களும் துடுப்புப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தப் படகில் என்பதில்தான் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள்.

பரிசல் எளிதில் கவிழாது, வாஸ்தவம். ஆனால் வட்டமானதால் தெரியாதவர் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். பிள்ளை அரை மணியில் சலித்துவிடுவான். பந்தயத்துக்கான ஒடுக்கமான படகு அழகாகப் பாயும். கொஞ்சம் சாய்ந்தாலும் குப்புறக் கவிழும். காற்றடைத்த பொம்மைப் படகையோ சிறு காற்றுகூட நடு ஏரிக்குத் தள்ளிவிடும்.

எட்டு முதல் பத்தடி நீளம், சுமார் நான்கடி அகலம், தட்டையான அடி: கற்கும் பிள்ளைக்கு இதுவே ஏற்றது. அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் இருந்தால் படகு நேராகப் போகும். பெரியவர் ஒருவரும் உட்கார இடம் வேண்டும். பெரியவர்களின் நீளமான துடுப்பைக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் கை சோர்ந்துவிடும்.

படகின் வர்ணத்தைப் பார்த்து மயங்காமல், வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, விளிம்பு வரை நீரை நிரப்புங்கள். அப்போதும் அது மிதக்க வேண்டும். முன்னும் பின்னும் மூடிய காற்றறையோ மிதவைப் பஞ்சோ உள்ள படகுதான் மிதக்கும். மூழ்கும் படகை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மிதவைச் சட்டை பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று தீபாவளிச் சட்டையைப் போலப் பெரிதாக வாங்கினால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேல் கழன்றுவிடும். நீச்சல் தெரிந்தவனுக்கும் சட்டை உண்டு.

குடிநீர் ஏரியில் அனுமதியின்றிப் படகு இறக்கக் கூடாது. அனுமதி உள்ள இடத்தில், முதல் நாளே ஆழமில்லாத கரையோரத்தில் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குங்கள். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இது கைவந்த பிறகு துடுப்பைக் கொடுக்கலாம்.