கோட்வால்டைக் காத்த ரசாயனம்

1953 மார்ச் 9 அன்று மாஸ்கோவில் ஸ்டாலினின் இறுதிச் சடங்கில் நின்றவர்களில் ஒருவர் செக்கோஸ்லோவாக்கியாவின் குடியரசுத் தலைவர் கிளெமென்ட் கோட்வால்ட். பிராகுக்குத் திரும்பியவர் மார்ச் 14 அன்று இறந்துபோனார். வயது 56. மாஸ்கோ குளிர் கொன்றுவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையில் வெடித்தது அவருடைய பெருந்தமனி.

இதயத்திலிருந்து கிளம்பும் அந்தக் குழாய் உடலிலேயே மிகப் பெரிய தமனி. ரத்தம் அதற்குள்ளேயே பாய்ந்தாலும், அதன் தடித்த சுவருக்கு ஊட்டம் கொடுக்கத் தனியாகச் சின்னஞ்சிறு நாளங்கள் தேவைப்படுகின்றன. முற்றிய மேகநோய் தாக்குவது இந்த நாளங்களைத்தான். அவை அடைபட்டால் சுவர் பட்டினி கிடந்து மெலியும், அழுத்தம் தாங்காமல் புடைக்கும். விபரீதம் அதன் பிறகுதான். குழாய் அகலமாகும்போது, ரத்த அழுத்தம் மாறாவிட்டாலும் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை கூடிக்கொண்டே போகும். ஆகவே வீங்கிய இடமே மேலும் வீங்கும். தொற்றுக்கும் இந்த நிலைக்கும் நடுவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். கோட்வால்டுக்கு நாள்பட்ட மேகநோய் இருந்தது, குடியும் இருந்தது என்று எழுதுகிறார்கள். மேகநோய்க்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்ததே 1943இல்தான். அது கிருமியைக் கொல்லும். கெட்டுப்போன தமனிச் சுவரை மீட்டுத் தராது.

மொராவியாவின் ஏழைக் குடியானவப் பெண்ணுக்கு 1896இல் பிறந்து, வியன்னாவில் தச்சு வேலை பழகியவர் கோட்வால்ட். 1921இல் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோதே அதில் இருந்தார், 1929இல் அதன் தலைமைக்கு வந்தார். போர்க்காலத்தை மாஸ்கோவில் கழித்தார். 1946இல் தேர்தல் வழியாகப் பிரதமரானவர், 1948 பிப்ரவரியில் ஆட்சியை முழுதாகக் கைப்பற்றினார். 1952இல் கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ஸ்லான்ஸ்கி உட்பட 14 பேர் மீது ஜோடனை வழக்கு நடந்தது. 11 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தன் நெடுநாள் தோழரைத் தூக்குமேடைக்கு அனுப்பச் சம்மதித்த மனிதர் என்பதே என் கணக்கில் அவரைப் பற்றிய முதல் செய்தி.

அவர் உடலைக் கட்சி புதைக்கவில்லை. லெனினைப் போலப் பதப்படுத்தி, பிராகின் வீட்கோவ் குன்றில் இருந்த தேசிய நினைவுச்சின்னத்தில் காட்சிக்கு வைத்தது. அந்தக் கட்டடம் எழுப்பப்பட்டது முதல் உலகப்போரில் நாட்டின் விடுதலைக்காகப் போராடிய படையினரின் நினைவாக. அவர்களில் பலர் ரஷ்யாவில் போல்ஷ்விக்குகளோடு மோதியவர்கள்!

உயிர் போனதும் செல்களின் நொதிகள் அந்தச் செல்களையே செரிக்கத் தொடங்கும். குடல் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். மாஸ்கோவில் லெனினுக்காக உருவான முறையில் ஃபார்மால்டிஹைடு புரத மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளைப் போடுகிறது. நொதிகள் முடங்கும், நுண்ணுயிர்கள் சாகும், தசை இறுகும். ஆனால் உடலிலுள்ள நீர் வெளியேறிக்கொண்டே இருந்தால் முகம் கருவாடாகிவிடும். அதைத் தடுக்கக் கிளிசரினும் பொட்டாசியம் அசிட்டேட்டும் ஊறவைக்கப்படுகின்றன. இரண்டும் ஈரத்தை விடாமல் பிடித்துவைப்பவை. இவ்வளவு செய்தும் வேலை முடிவதில்லை. அறை குளிர்ச்சியாக இருக்கவேண்டும், ஈரப்பதம் மாறக்கூடாது, குறிப்பிட்ட இடைவெளியில் உடலை மறுபடி ரசாயனத் தொட்டியில் இறக்கவேண்டும். எகிப்திய மம்மியை உலர்த்திவிட்டு மறந்துவிடலாம், இங்கே அது முடியாது. வீட்கோவின் அடித்தளத்தில் இதற்காகவே இயந்திரங்களும் ஆய்வகமும் ஆட்களும் இருந்தார்கள்.

ஒன்பது ஆண்டு இப்படி ஓடியது. உடல் கறுத்துவிட்டது, அழுகிவிட்டது என்றெல்லாம் கதைகள் உலவின. கதைகள் எப்படியோ, காலமும் மாறியிருந்தது. 1961இல் மாஸ்கோவில் ஸ்டாலினின் உடலையே லெனின் பக்கத்திலிருந்து அகற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டாலினின் சீடரைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கப் பிராகில் யாருக்கு மனம் வரும்? 1962இல் கோட்வால்டை எரியூட்டினார்கள்.

பெயர் மட்டும் இன்னும் கொஞ்சகாலம் தாங்கியது. 1949இல் கோட்வால்டோவ் ஆக்கப்பட்ட ஸ்லின் நகரம் 1990இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது. அவர் முகம் பொறித்த 100 கொருனா நோட்டு 1989 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த மாதமே மக்கள் எழுச்சியில் ஆட்சி ஆட்டம் கண்டது, மறு ஆண்டு நோட்டும் செல்லாமல் போனது.

பிராகுக்குப் போகிறவர்கள் வீட்கோவ் குன்றின் மேலே நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நினைவுச்சின்னம் இப்போது தேசிய அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. கீழே இறங்கினால் அந்த ஆய்வகத்தைப் பார்க்கலாம்.