மறுப்பும் மாற்றுரையும்: வ்யாக்யானங்களில் உடன்படாமையைக் குறிக்கும் சொற்கள்

அடியேனுக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, ஈட்டின் அச்சுப்பிரதியில் முன்னோர் ஒருவர் பணித்த பொருளுக்கு எதிரே ஓரத்தில் "பிழை" என்று எழுதிவைத்தேன். திருத்தகப்பனாரே அடியேனுக்கு ஆசிரியர். அன்று காலக்ஷேபத்தில் அதைக் கண்டவர், அச்சொல்லை அடித்துவிட்டு "அஸ்வரஸம்" என்று எழுதினார். "அப்பொருள் உனக்கு இசையாதிருக்கலாம், அதைச் சொல்லும் சொல் உனக்கு இன்னும் வரவில்லை" என்றார். அவ்விரு சொற்களுக்கும் உள்ள வேற்றுமையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடன்படாமையைக் குறிக்கும் சொற்கள் நம் க்ரந்தங்களில் பல. எதிரே நிற்பவர் யார் என்பதைக் கொண்டு அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, சிஷ்யன் ஆசார்யன் முன்னே சொல்வது. இது சங்கை எனப்படும். வடமொழியில் "நநு" என்று தொடங்குவதும், மணிப்ரவாளத்தில் "என்னில்" என்று முடிவதும் பெரும்பாலும் இதுவே. சங்கிப்பவன் தனக்கென ஒரு பக்ஷத்தை நிறுவ முயல்வதில்லை, தெளிவையே வேண்டுகிறான். அதே வினாவைத் தக்க ஹேதுவோடு வலியுறுத்தினால் அது ஆக்ஷேபமாகிறது. சங்கைக்குப் பரிஹாரம் உண்டு. ஆக்ஷேபத்துக்கு ஸமாதானம் உண்டு. இரண்டிலும் கேட்டவன் தோற்றான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, பிற ஸித்தாந்தத்தாரோடு வாதிக்கையில் வழங்குவது. பூர்வபக்ஷம், அநுபபத்தி, தூஷணம், நிரஸநம் என்பன இவ்வகையின. இங்கே சொல் கடுமையாகலாம். ஆனால் அதற்கு முன் செய்யவேண்டிய கடமை ஒன்றுண்டு. ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார், லகு பூர்வபக்ஷம், மஹா பூர்வபக்ஷம் என்று எதிர்க்கொள்கையை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே அவித்யைக்கு 7 அநுபபத்திகளைக் காட்டியருளினார். வேதாந்த தேசிகனுடைய சததூஷணியில் இன்று கிடைக்கும் 66 வாதங்களிலும் இம்முறையைக் காணலாம். தூஷணம் என்பது கொள்கையின் குற்றத்தைக் காட்டுதல், கொண்டவரைப் பழித்தலன்று.

இவ்வகையிலேயே நுண்ணிய சொல் ஒன்று "ஸத்யம்". "உண்மைதான்" என்று பொருள்படினும், வாதத்தில் இது அரை அங்கீகாரம். எதிரி சொன்னதில் ஒரு பகுதியை ஏற்று, மற்றதை விலக்கப் போகிறார் என்பதற்கு அடையாளம். எதிரியின் கூற்றை வாதத்தின்பொருட்டு மட்டும் ஒப்புக்கொண்டு பேசுவது அப்யுபகமவாதம். இவ்விரண்டையும் முழு உடன்பாடாகக் கொண்டு மயங்குவோர் இன்றும் உளர்.

மூன்றாவது, ஒரே ஸித்தாந்தத்தில் நிற்போர் தமக்குள் வழங்குவது. "என்றுமாம்" என்றால் இரு பொருளும் நிற்கும். "அன்றிக்கே" என்றாலும், வடமொழியில் "யத்வா" என்றாலும், வேறொரு யோஜனை தொடங்குகிறது. முன்னதில் உரைகாரருக்கு முழு நிறைவில்லை என்பது பலவிடங்களில் குறிப்பால் பெறப்படும். "என்பாருமுளர்", "கேசித்" என்பன பெயரை மறைத்து, கருத்தை மட்டும் எடுத்துக் கூறுவன. அஸ்வரஸம் என்பது "சொற்போக்குக்கும் ப்ரகரணத்துக்கும் இயல்பாக இசையவில்லை" என்றவளவே. பொருளே பொய் என்றதாகாது. இவையெல்லாம் நிர்வாஹ பேதம் என்னும் ஒரே குடையின் கீழ் அடங்கும்.

இவ்வகைகளைக் கலந்துவிட்டால் விளைவது என்ன என்பதற்குக் குருபரம்பரை காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டு வருங்கால், 2ஆம் பத்தின் 3ஆம் திருவாய்மொழி 3ஆம் பாட்டில் வேறுபாடு தோன்றிற்று. அறிவற்ற காலத்தில் அன்பை விளைத்து, பின் மறதிக்கு இடமான உடலோடு பிணைத்தாயே என்று ஆழ்வார் வெறுத்துரைப்பதாக ஆண்டான் பணித்தார். முன்னும் பின்னும் உள்ள பாட்டுக்கள் ப்ரீதியைப் பேசுகையால் இடையில் வெறுப்புச் சேராது. உடலின் தொடர்பால் அறிவிழந்து கிடந்த காலத்திலேயே அன்பை விளைத்த உபகாரத்தை நினைந்து உகக்கிறார் என்பது எம்பெருமானார் திருவுள்ளம். ஆண்டான் இதை "விச்வாமித்ர ஸ்ருஷ்டி" என்றார். அதாவது பெரியோரிடம் கேளாத புதுப்படைப்பு என்றார். அத்துடன் காலக்ஷேபமும் நின்றது. திருக்கோட்டியூர் நம்பி வந்து, அப்பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று தெரிவித்த பின்னரே அது மீண்டும் தொடர்ந்தது.

எம்பெருமானார் சொன்னது ப்ரகரணத்தை ஹேதுவாகக் கொண்ட நிர்வாஹ பேதம். ஆண்டான் அதை ஸம்ப்ரதாய விரோதமாகக் கொண்டார். மூன்றாம் வகையில் நிற்கவேண்டியதை இரண்டாம் வகைக்குத் தள்ளியதே பிணக்கின் வேர். பின்வந்த நம் பூர்வர்கள் ஆண்டான் பணித்ததை அழித்துவிடவில்லை. இரண்டையும் காத்தே நமக்குத் தந்தனர்.

இக்காலத்தில் ஒரு பதத்தின் அந்வயத்தில் வேறுபட்டாலே "கண்டனம்" என்று தலைப்பிடும் வழக்கம் பெருகிவருகிறது. பிற ஸித்தாந்தத்துக்கு உரிய ஆயுதத்தை ஸஹபாடியின்மேல் எறிவது தகாது. எழுதுமுன் ஒன்றை வினவிக்கொள்ளலாம்: எனக்கு இருப்பது சங்கையா, அஸ்வரஸமா, அநுபபத்தியா? விடைக்கு ஏற்ற சொல் நம்மிடம் முன்பே உண்டு.

அந்த ஈட்டுப் பிரதி இன்றும் அடியேனிடம் உள்ளது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தை மீண்டும் ஸேவித்தபோது, முன்னோர் பணித்த பொருளின் ஸ்வாரஸ்யம் விளங்கிற்று. "பிழை" என்ற சொல் ஓரத்தில் நின்றிருந்தால், அவ்விடத்தை மறுபடி நோக்கியிருக்கவே மாட்டேன்.