சீதைக்கு ஊக்கு குத்தும் நேரம்

உஷ்ஷ்! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமாக வாருங்கள். முன்வாசலில் நுழைந்தால் டிக்கெட்டைக் கிழித்து மரியாதையாக உட்கார வைத்துவிடுவார்கள். நமக்கு அந்த மரியாதையெல்லாம் வேண்டாம். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் ராமாயணம் ஆரம்பிக்கப்போகிறது. நாம் பார்க்க வேண்டியது அயோத்தியை அல்ல, அயோத்திக்குப் பின்பக்கத்தை!

எந்த நாட்டிய நாடகத்தின் க்ரீன் ரூமுக்கும் இந்த நேரத்தில் ஒரு தனி மணம் உண்டு. பான்கேக், மல்லிகை, வியர்வை, யாரோ பிரித்து வைத்த தயிர் சாதம் எல்லாம் சேர்ந்த மணம். பாதி முகத்துக்கு மட்டும் அரிதாரம் பூசிய மன்னர் ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு மை தீட்டுகிறார். சீதையின் தலையில் சவுரி ஏறியாகிவிட்டது. சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி ஒவ்வொன்றாக உட்கார வேண்டும். ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டே இன்னொருத்தி விசிறி மடிப்பை இழுத்துவிடுகிறாள். வாயில் ஊக்கு இருக்கும்போது யாரும் யாரோடும் சண்டை போட முடியாது என்பது க்ரீன் ரூமின் எழுதாத சமாதான ஒப்பந்தம்.

அந்த விசிறி மடிப்புக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருக்கிறது, காதைக் கொடுங்கள். 1935 டிசம்பரில் அடையாறு தியசாஃபிகல் சொசைட்டியின் வைர விழா மாநாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் முதன்முதலாக ஆடினார் அல்லவா? அதற்கான தைத்த உடையில் அவருக்குக் கைகொடுத்தவர் மேடம் கஸான் என்ற இத்தாலியப் பெண்மணி! கோயில் சிற்பங்களைப் பார்த்து யோசித்த உடுப்பு, இத்தாலியக் கையில் தையல். ‘தொன்றுதொட்டு வரும்’ என்று நாம் பயபக்தியோடு பார்க்கும் பலதுக்கும் இப்படி ஒரு சுவாரஸ்யமான தேதி இருக்கிறது.

ருக்மிணி தேவியின் கதையே அப்படித்தான். மதுரையில் பிறந்தவர், 16 வயதில், 40-ஐத் தாண்டிய ஜார்ஜ் அருண்டேலைக் கல்யாணம் செய்துகொண்டு மெட்ராஸையே வாய்பிளக்க வைத்தவர், கப்பலில் கூடப் பயணித்த ரஷ்ய பாலே தேவதை அன்னா பாவ்லோவாவின் பேச்சைக் கேட்டுச் சொந்த ஊர் ஆட்டத்தின் பக்கம் திரும்பியவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1936 ஜனவரியில் அவர் கையால் கலாக்ஷேத்ரா பிறந்தது. உள்ளே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் ‘அத்தை’.

அத்தையின் வீட்டில் எல்லாமே வீட்டுத் தயாரிப்பு. இதைத்தான் உங்களுக்குக் காட்டக் கூட்டிவந்தேன். ராமன் இடுப்பில் கட்டியிருக்கும் துணியைப் பாருங்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் தி. நகருக்குப் போய் ஜவுளிக்கடையில் ஏறி இறங்குவார்கள். இங்கே 1937-லேயே தறி போட்டுவிட்டார்கள். பழைய அகலக் கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் தேடி எடுத்து நெய்ததில், மேடைக்கு உடுப்பு கிடைத்தது, மயிலாப்பூர் மாமிகளுக்குக் ‘கலாக்ஷேத்ரா புடவை’ கிடைத்தது. சபாவில் எதிர்வரிசைப் புடவையைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் கை தூக்குங்கள்!

துணிக்கு ஆச்சு, பாட்டுக்கு? இங்கேதான் எனக்குத் தலைசுற்றும். வால்மீகியின் சுலோகங்களையே பாட்டாக்கி ராமாயணத்தை ஆறு நாடகங்களாகப் போட வேண்டும் என்று அத்தை முடிவு செய்கிறார். இசையமைக்கப் பிடித்த ஆள் யார் தெரியுமா? மைசூர் வாசுதேவாச்சார். கமாஸில் ‘ப்ரோசேவாரெவருரா’ செய்தாரே, அவரேதான். 1865-ல் பிறந்தவர். முதல் பாகமான ‘சீதா சுயம்வரம்’ மேடையேறியது 1955-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 90 வயது! நம் வீட்டில் 60 தாண்டினால் ‘இனிமேல் என்ன, ராம ராமான்னு உட்கார வேண்டியதுதான்’ என்போம். இவரும் ராம ராமா என்றுதான் உட்கார்ந்தார், ஆனால் ஸ்வரப்படுத்திக்கொண்டு.

1960-ல் வனகமனமும் பாதுகா பட்டாபிஷேகமும் வந்தன. 1961-ல் ஆச்சார் காலமானார். அதற்குள் சபரி மோட்சம் வரைக்கும், அதாவது நான்கு பாகத்துக்கு, இசையை முடித்து வைத்திருந்தார். அனுமன் இன்னும் கடலைத் தாண்டவில்லை, ராவணன் இன்னும் சாகவில்லை, பாட்டுக்காரர் போய்விட்டார்! மீதியை எடுத்துக்கொண்டவர் அவர் பேரன் எஸ். ராஜாராம். 1968-ல் ‘சூடாமணி பிரதானம்’, 1970-ல் ‘மகா பட்டாபிஷேகம்’. தாத்தா விட்ட இடத்தில் பேரன் தொடங்கினார். ஆறு பாகத்தையும் தொடர்ந்து கேட்டால் தையல் தெரிகிறதா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

அதோ, ஓரமாக ஒருவர் தட்டுக்கழியால் மனையைத் தட்டிப் பார்க்கிறாரே, அதற்கும் ஒரு கதை. அந்தக் காலத்தில் நட்டுவாங்கம் பரம்பரை ஆசான்களின் கையில். 1940-களில், ஒரு மாணவியின் அரங்கேற்றம் நெருங்கும் வேளையில் நட்டுவனார் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவை விட்டு விலகிவிட்டார். அத்தை பதறி இன்னோர் ஆசானைத் தேடி ஓடவில்லை. தாளத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். ஊர் முணுமுணுத்தது. முணுமுணுப்புக்கு நியாயமும் உண்டு. பரம்பரையாக அந்தக் கலையைக் காத்த இசை வேளாளர் குடும்பங்களிடமிருந்து அது நழுவிய காலம் அது. சிருங்காரத்தை அத்தை வடிகட்டியதைப் பரம்பரை நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கில் நான் பாலாம்மா கட்சிதான். ஆனால் ராமாயணம் என்று வந்தால் அத்தை கட்சிக்குத் தாவிவிடுவேன், வெட்கமே இல்லாமல்.

அடுத்த தலைவலி: ஆண்கள். நாட்டியம் படிக்கப் பையன்கள் எங்கே கிடைத்தார்கள் அப்போது? ஆரம்பத்தில் ஆண் வேடத்தையும் பெண்களே கட்டினார்கள். அப்புறம் கேரளத்திலிருந்து கதகளி ஆசான்கள் வந்தார்கள், அம்பு பணிக்கர், சந்து பணிக்கர். சந்து பணிக்கரோடு 1953-ல் வந்திறங்கிய பையன்களில் இரண்டு பேர், வி.பி. தனஞ்செயனும் பாலகோபாலனும். ராமனும் அனுமனும் ஒரே ரயிலில் அடையாறுக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பெண்களுக்குப் பரதத்தின் அடவு, அசுரர்களுக்குக் கதகளியின் துள்ளல். இந்தக் கலவைதான் இந்த நாடகங்களின் உப்பும் புளியும்.

கொஞ்சம் திரையை விலக்கி மேடையை எட்டிப்பாருங்கள். என்ன தெரிகிறது? ஒன்றும் இல்லை! அதே சென்னையில் ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் ‘இலங்கேஸ்வரன்’ போட்டபோது செட்டும் தந்திரக் காட்சியும் பார்க்கவே கூட்டம் மொய்த்தது. நானும் அந்த ஜாலத்துக்கு விசிறிதான். இங்கேயோ காடு என்றால் ஆடுபவர்களின் கண் அசைவு, கடல் என்றால் மிருதங்கம். யாரும் வாய் திறந்து வசனம் பேசுவதில்லை; பாட்டெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாடகர்களிடம். மற்றதற்கு ஒளியும் துணியின் நிறமும் போதும். அந்தச் சிக்கனத்தின் ஆரம்ப காலத்தில் கான்ராட் வோல்ட்ரிங், அலெக்ஸ் எல்மோர் என்று தியசாஃபிகல் சொசைட்டிக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டுக்காரர்களின் கையும் இருக்கிறது.

கூரையையும் விட்டுவிடாதீர்கள். கேரளக் கோயில் கூத்தம்பலத்தின் பாணியில் இந்த அரங்கை வடிவமைத்தவர் அப்புக்குட்டன் நாயர், தொழிலால் பொறியாளர். சுற்றிலும் சுமார் 100 ஏக்கர். வெறும் கடற்கரை மணலாகக் கிடந்த இடத்தில் மரம் வைத்து, 1962-ல் அடையாறிலிருந்து இங்கே குடிவந்தார்கள். காலையில் ஆலமரத்தடியில் பிரார்த்தனை, அப்புறம் வகுப்பு, சாயங்காலம் ஒத்திகை. நேற்றிரவு கிரீடம் வைத்த வாத்தியார் இன்று காலை ‘தையா தை’ சொல்லிக்கொடுப்பார். இந்த வாரம் நாயகி, அடுத்த வாரம் தோழிக் கூட்டத்தில் மூன்றாவது ஆள். முகம் சுளித்தால் இங்கே வேலைக்காகாது.

ஐயோ, சலங்கை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், நம்மை விரட்டப்போகிறார்கள்! ஓடுவதற்குள் ஒரு யோசனை. மார்கழியில் ஆறு பாகமும் வரிசையாகப் போட்டால் லீவு போட்டாவது வாருங்கள். வீட்டில் ஒரே ஒரு சாயங்காலம்தான் விடுவார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ‘சூடாமணி பிரதானம்’. அனுமன் இருக்கும்போது வேறு யாருக்காவது டிக்கெட் எடுப்பார்களா?