பால் தண்ணியா இருக்கா? குழம்பைப் பாருங்க பாஸ்!

போர்டுல 'அமினோ அமிலம்'னு எழுதினதுமே கொட்டாவி விட்ட பார்ட்டியா நீங்க? சாரி பாஸ், அந்த மேட்டர் இப்ப உங்க வீட்டுத் திண்ணைக்கே வந்துடுச்சு!

லீவுக்கு ரெட்டிபாளையத்துல பஸ்ஸை விட்டு இறங்குறீங்க. தலைப்பிரசவத்துக்கு வந்த அக்கா கைக்குழந்தையோட உட்கார்ந்திருக்காங்க. "பால் தண்ணி மாதிரி இருக்கே, புள்ளைக்கு எப்படிப் பத்தும்?"னு பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொளுத்திப் போட, பால் பவுடர் டின் வாங்கச் சொல்லி அம்மா உங்க கையில பணத்தைத் திணிக்கிறாங்க. ஒரு நிமிஷம்... இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க.

100 மில்லி பசும்பாலில் புரதம் 3 கிராமுக்கு மேல. தாய்ப்பாலில் சுமார் 1 கிராம்தான். 'அப்ப மாடுதான் வின்னர்'னு கை தட்டிடாதீங்க! கன்னுக்குட்டி மடமடன்னு வளரணும், நம்ம பாப்பா நிதானமா வளரும். அதுக்கேத்த அளவு அது.

அளவை விட ரகம் முக்கியம். பசும்பால் புரதத்தில் 80 சதவீதம் கேசின். வயித்துல கெட்டியாத் திரையும். தாய்ப்பாலில் சுலபமா செரிக்கிற 'வே' புரதம்தான் மெஜாரிட்டி. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் தாராளம். பசும்பாலில் ரொம்பக் குறைவா இருக்கிற டாரினும் தாய்ப்பாலில் உண்டு. அதனாலதான் பல பவுடர்களில் டாரினைத் தனியாச் சேர்க்குறாங்க. பச்சிளங் குழந்தைக்கு எந்த அமினோ அமிலம் எவ்வளவு வேணும்னு கணக்குப் போட, உலக சுகாதார நிறுவனமே தாய்ப்பாலைத்தான் அளவுகோலா வச்சிருக்கு. ஒரிஜினல் வீட்டுல இருக்க, ஜெராக்ஸ் எதுக்கு?

'அக்கா சரியாவே சாப்பிடலையே, அவங்க பாலில் சத்து இருக்குமா?' சூப்பர் கேள்வி! 1950களிலேயே இதை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் வேலை பார்த்தது அப்போது நம்ம குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம். 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது அதுதான். ஏழைத் தாய்மாரின் பாலிலும் புரதம் பெரிசாக் குறையலை. அவங்களுக்குப் புரதம் கூட்டிக் கொடுத்தப்போ பாலின் அளவு கூடுச்சு, அதில் புரதத்தின் விகிதம் மாறலை.

அம்மா தட்டுல பத்தலைன்னா அந்தப் புரதம் எங்கிருந்து வரும்? அம்மா உடம்பிலிருந்துதான்! பாப்பா தேறும், அக்கா இளைப்பாங்க. சில வைட்டமின்கள் பாலிலேயே குறையும்.

அதனால, அந்தப் பணத்துக்குத் துவரம்பருப்பு, முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை வாங்கிட்டு வாங்க. சோத்துல குறையிற லைசினைப் பருப்பு ஈடுகட்டும், பருப்புல குறையிற மெத்தியோனினைச் சோறு பாத்துக்கும். முதல் 6 மாசம் பாப்பாவுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். எடை ஏறலைன்னா பெரியம்மாகிட்ட இல்ல, டாக்டர்கிட்ட கேளுங்க.

பால் தண்ணி மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அக்கா தட்டுல ஊத்துற குழம்பு தண்ணி மாதிரி இருக்கக் கூடாது!