பல்துலக்கியைப் பேணும் முறை

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் வழக்கில் இருந்த காலத்தில், பல் துலக்கும் கருவியைப் பராமரிக்கும் தேவை எழவில்லை. அன்று ஒடித்த குச்சி அன்றே எறியப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் பல்துலக்கி, அதாவது பிரஷ், மாதக்கணக்கில் வாய்க்குள் சென்று வருகிறது. உமிழ்நீர், உணவுத் துணுக்குகள், கிருமிகள், ஈறு கசிந்தால் சிறிதளவு இரத்தம் ஆகியவை அதன் இழைகளில் தங்குகின்றன.

இதற்காக நல்ல உடல்நலமுள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் பிரஷில் உள்ள கிருமிகளில் பெரும்பாலானவை உங்கள் வாயில் ஏற்கெனவே இருப்பவையே. துலக்கி முடித்ததும் குழாய் நீரில் நன்கு அலசி, நீரை உதறி, தலைப்பகுதி மேலே இருக்கும்படி நிறுத்தி, காற்றில் உலரவிடுங்கள். கொதிநீரில் போடாதீர்கள், இழைகள் வளைந்து கெட்டுவிடும்.

ஈரமே இங்கு முதன்மையான சிக்கல். தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் வீசும் மாதங்களில் கூடலூர், கம்பம் பகுதிகளிலும், மேகமலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் துணிகூட எளிதில் காய்வதில்லை. பிரஷ் மட்டும் எப்படிக் காயும்? குளியலறைக்குள் வைக்காமல், காற்றோட்டமுள்ள சன்னலோரத்தில் வையுங்கள். ஏலத்தோட்ட வேலைக்காக மலைக்குச் சென்று தங்குவோர் பிரஷை ஈரத்துடன் பாலித்தீன் பையில் சுற்றி வைப்பதுண்டு. பயணத்தின்போது மூடி போடலாம். சேர்ந்ததும் வெளியே எடுத்து உலர்த்துங்கள். நாள் முழுவதும் மூடியே வைத்தால் கிருமிகள் பெருகும்.

பிரஷைப் பகிர்ந்துகொள்வதே மிகவும் கவலைக்குரியது. “பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றுதான்” என்று புறநோயாளிப் பிரிவில் சில தாய்மார்கள் இயல்பாகச் சொல்வதுண்டு. கணவன் மனைவியே ஆனாலும் இப்பழக்கம் கூடாது. ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் தொற்று இரத்தத்தின் வழியே பரவுவது. அக்கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. பாதிக்கப்பட்டவருக்குப் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் பிரஷில் இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் மற்றவரின் ஈறுப் புண் வழியே தொற்று நுழைய வாய்ப்புண்டு.

வீட்டில் ஒருவருக்கு இத்தொற்று இருப்பது தெரிந்தால், அவருடைய பிரஷும் சவரக் கத்தியும் தனியே இருக்கட்டும். பிரஷ்களை ஒரே குவளையில் ஒன்றோடொன்று உரசும்படி வைக்காதீர்கள். ஆனால் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி, அவரைத் திண்ணையில் அமர்த்தி உணவு கொடுப்பது தேவையற்ற கொடுமை. உடன் அமர்ந்து உண்பதாலோ தொடுவதாலோ இது பரவாது. குடும்பத்தினர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தேவைப்படின் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் பிறந்தவுடனும், பின்னர் 6, 10, 14 ஆவது வாரங்களிலும் இத்தடுப்பூசி அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.

மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரஷை மாற்ற வேண்டும். இழைகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். குழந்தைகள் கடித்துக் கடித்தே விரித்துவிடுவார்கள் என்பதால் அவர்களுடையதை அடிக்கடி பாருங்கள்.

படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்போர், துலக்கிவிடும் முன்னும் பின்னும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். மென்மையான இழைகள் கொண்ட பிரஷே ஏற்றது. பொய்ப்பற்களைத் தேய்க்க வேறொரு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு வாய்ப்புண்ணோ இரத்தக் கசிவோ ஏற்பட்டால், எதைக் கொண்டு, எவ்வளவு நாள் துலக்கலாம் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேளுங்கள்.

துலக்கும்போது அடிக்கடி இரத்தம் வந்தால், பிரஷின் மீது பழிபோட்டுத் துலக்குவதையே நிறுத்திவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஈறு நோயின் அறிகுறி. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு இருந்தால் அதையும் மறவாமல் தெரிவியுங்கள்.