காவல் – 9: ஓட்டுநர் கையில் 570 கோடி

கூலி பாக்கி இருந்தால் சாயப்பட்டறைக்காரர் துணியைப் பிடித்து வைக்கலாம் என்று போன வாரம் பார்த்தோம். அது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் ஆட்களைக் காவலில் வைப்பது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது, திருட்டுப் பிரிவில் இரண்டு உதாரணங்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டன.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 378. முதலாளியின் வெள்ளிப் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரர் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது திருட்டு. அதே பாத்திரங்களை, வெளியூர் போகிறவர் ஒரு கிடங்குக்காரரிடம் விட்டுப் போக, அவர் அவற்றைப் பொற்கொல்லரிடம் விற்றுவிட்டால் அது திருட்டு ஆகாது. நம்பிக்கை மோசடி ஆகலாம். வேலைக்காரர் கையில் இருக்கும்போதும் பொருள் முதலாளியின் வசம்தான். கிடங்குக்காரரிடம் போனதும் வசமே மாறிவிடுகிறது. பத்திரத்தில் 'சுவாதீனம்' என்று எழுதுகிறோமே, அதைத்தான் வசம் என்கிறேன். வேலைக்காரரிடம் இருப்பது வெறும் காவல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை.

திருப்பூரில் இது தினமும் தெருவில் ஓடுகிறது. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் இரண்டு, பின்னால் மூன்று கட்டிங் பண்டல்கள். வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டி, சைஸ் எழுதிய சீட்டைச் செருகியிருப்பார்கள். ஓட்டுகிறவர் கம்பெனி ஆள் என்றால், பண்டல் அவர் முழங்காலில் இடித்தாலும் அது கம்பெனி வசமே. கூலிக்குத் தைக்கும் பவர் டேபிள் வாசலில் இறக்கி, ஜாப் ஒர்க் டெலிவரி சலானில் கையெழுத்தானதும் வசம் மாறுகிறது. பிறகு பவர் டேபிள்காரர் பீஸ்களை விற்றுத் தின்றால் நம்பிக்கை மோசடி, 5 ஆண்டு வரை சிறை. வழியிலேயே வண்டிக்காரர் விற்றால் வேலையாள் செய்த திருட்டு, 7 ஆண்டு வரை. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவருக்குக் கூடுதல் தண்டனை என்பதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை.

இதைப் படித்ததும் அந்த மூன்று கன்டெய்னர்கள் நினைவுக்கு வந்தன. 2016 மே மாதம், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு, மூன்று நாள்தான் பாக்கி. பெருமாநல்லூர்–குன்னத்தூர் சாலையில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் தேர்தல் பறக்கும் படை மடக்கிய லாரிகளில் 570 கோடி ரூபாய் இருந்தது. கோவை ஸ்டேட் வங்கியிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகும் பணம் என்றார்கள். பாதுகாப்புக்கு வந்த ஆந்திர போலீஸார் சீருடையில் இல்லை, சந்தேகம் வலுத்தது. லாரிகள் திருப்பூர் கலெக்டர் அலுவலக வளாகத்துக்குப் போயின.

ஸ்டியரிங் பிடித்திருந்தவர்களின் கையில் 570 கோடி. அவர்கள் வசம் ஒரு ரூபாய்கூட இல்லை. வளாகத்துக்குள் நிறுத்திய பிறகு அதிகாரிகளிடம் இருந்ததும் காவல்தான்: உரியவர் யாரென்று தெரியும்வரை பத்திரமாக வைத்திருக்கும் கடமை. பணம் பின்னர் வங்கிக்கே போனது. அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ முதற்கட்ட விசாரணைக்கு உத்தரவிட்டது.

கடமை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிடிபட்ட வண்டிகளைக் காவல் நிலைய வாசலில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. துருவேறி, டயர் மண்ணில் புதைந்து, இருக்கையைக் கிழித்துச் செடி முளைத்த வண்டிகளை இன்றும் பார்க்கிறேன். அவற்றில் சில யாரோ ஒருவரின் பிழைப்பு.

ஆட்கள் கதைக்கு இடம் இல்லாமல் போனது. யாரும் கைது செய்யாமல், தானாக நீதிமன்றத்தில் வந்து நிற்கிறவர் காவலில் இருப்பவரா? 1980-இல் நிரஞ்சன் சிங் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் 'ஆம்' என்றார். அடுத்த வாரம் அங்கிருந்து.

(தொடரும்)