கல்லறைக்குப் புதுமண், வயலுக்குப் புது விதை: சீனாவின் சிங்மிங்

ஏப்ரல் 4 அல்லது 5-ம் தேதி, சீனக் கிராமங்களில் மண்வெட்டியும் சாப்பாட்டுக் கூடையுமாகக் குடும்பம் குடும்பமாக மலைச்சரிவுகளுக்குக் கிளம்புவார்கள். முன்னோர் கல்லறையில் மண்டிய களையைப் பிடுங்கி, மழையில் கரைந்த மேட்டுக்குப் புதுமண் போட்டு, உணவும் மதுவும் படைத்து, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். இந்த நாளின் பெயர் சிங்மிங். 2008 முதல் அரசு விடுமுறை என்பதால், பிழைப்புக்காக நகரம் போனவர்களும் ஊர் வந்து சேர முடிகிறது.

சீனப் புத்தாண்டு நிலாவைப் பார்த்து வருவது. தேதி மாறிக்கொண்டே இருக்கும். சிங்மிங் சூரியக் கணக்கு. ஆண்டை 24 பருவங்களாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 நாளாகப் பிரித்து உழவு செய்தவர்கள் அவர்கள். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து 15-ம் நாள் சிங்மிங். குளிர் விலகி மண் சூடேறும் நேரம். இதையொட்டிப் பூசணி, வெள்ளரி வகைகளையும் பயறு வகைகளையும் ஊன்ற வேண்டும் என்பது அங்கே சொலவடை. நம் ஆடிப்பட்டம் மாதிரிதான். இந்த 24 பருவக் கணக்கை 2016-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஹாங்சோ பகுதியின் லோங்ஜிங் தேயிலைக்கும் இந்த நாள் முக்கியம். சிங்மிங்குக்கு முன் கிள்ளிய இளங்கொழுந்துக்குத் தனி விலை. அதற்குப் பிறகு இலை வளர வளர விலை இறங்கும்.

பண்டிகையின் வேர் ஒரு சோகக் கதையில் இருக்கிறது. 2,600 ஆண்டுகளுக்கு முன், ஜின் நாட்டு இளவரசர் சோங்கர் 19 ஆண்டுகள் நாடு விட்டு அலைந்தார். பசியில் துவண்ட அவருக்கு, ஜியே சித்துய் என்பவர் தன் தொடைச் சதையை அறுத்துச் சமைத்துக் கொடுத்தாராம். அரசரானதும் சோங்கர் அவரை மறந்துவிட்டார். ஜியே தாயோடு மலைக்குப் போய்விட்டார். பிறகு நினைவு வந்து தேடிய அரசர், அவரை வெளியே வரவைக்கக் காட்டுக்கே தீ வைத்தார். தாயும் மகனும் கருகிப்போனார்கள்.

அந்த நினைவில் அடுப்பு மூட்டாமல், ஆறிய உணவையே சாப்பிடும் நோன்பு வந்தது. சான்சி பகுதியில் கடுங்குளிரில் ஒரு மாதம்கூட அப்படி இருந்திருக்கிறார்கள். கிழவர்களும் குழந்தைகளும் தாங்காமல் இறந்ததால், அதிகாரிகளே தலையிட்டு நாட்களைக் குறைத்தார்கள். காலப்போக்கில் நோன்பு சிங்மிங்கோடு கலந்துவிட்டது. மரிக்கொழுந்துக்கு உறவான ஒரு தழையின் சாற்றைப் பசையரிசி மாவில் பிசைந்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்த பச்சைக் கொழுக்கட்டையை ஷாங்காய்ப் பக்கம் இன்றும் ஆறவைத்துத்தான் தின்கிறார்கள்.

நெருப்பை விலக்கிய பண்டிகையில் இன்று நெருப்புதான் தலைவலி. இறந்தவர்களின் செலவுக்கென்று காகிதப் பணத்தைக் கல்லறையில் எரிப்பது வழக்கம். ஏப்ரல் காற்றில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் மலையே போய்விடும். அதனால் பல ஊர்களில் மலைப் பாதையில் ஆள் நிறுத்தி, தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் மேலே விடுகிறார்கள். காகிதத்துக்குப் பதில் பூ வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள்.